பூச்சாண்டியும் பர்கியும்: குழந்தைகளின் இரவு பயம் பற்றி ஒரு சரித்திரப் பார்வை

இந்த வருஷ மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் தொலைபேசியில் கேட்டபோது, "வழக்கம் போல சரித்திரமா ஏதாவது எழுதிக் கொடுத்துடுங்க சார்" என்றார். ராஜேந்திர சோழனின் படை கங்கை வரை வந்ததைப் பற்றி எழுதலாம் என்று நினைத்துக் குறிப்புகள் எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். அந்தக் குறிப்புகள் இன்னும் மேஜை மேலேயே கிடக்கின்றன. நடுவில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சின்ன விஷயம், என்னைச் சோழர்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய் வேறொரு சரித்திரத்துக்குள் தள்ளிவிட்டது. அரசர்கள் இல்லாத, கல்வெட்டு இல்லாத சரித்திரம். ஆனால் நம் எல்லார் வீட்டிலும் தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு நடக்கிற சரித்திரம்.

என் பேத்திக்கு ஐந்து வயது. மருமகளுக்கு இரண்டாவது பிரசவம் ஆகி, வீட்டுக்குக் கைக்குழந்தை வந்தது. அது வரைக்கும் அப்பா அம்மா நடுவில் படுத்துக்கொண்டிருந்த பேத்தியைப் பக்கத்துச் சின்ன அறையில் தனியாகப் படுக்க வைக்க வேண்டியதாயிற்று. புதுக் கட்டில், புது மெத்தை, பட்டாம்பூச்சி போட்ட போர்வை எல்லாம் வாங்கினோம். பகல் முழுக்க அந்தக் கட்டிலை விட்டு அவள் இறங்கவில்லை. ராத்திரி விளக்கை அணைத்துப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது, கூடத்தில் வந்து நின்றாள். "தாத்தா, பொய் கொர்ச்சே" என்றாள்.

பிரசவத்துக்காகக் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த எங்கள் சம்பந்தி அம்மாளுக்கு வங்காளி தெரியாது. "என்னடி கண்ணு, பொய்யா? யார் சொன்னா பொய்?" என்று கேட்டார். பேத்தி விழித்தாள். நான்தான் விளக்கினேன்: வங்காளியில் பயத்துக்கு 'பொய்' என்கிற மாதிரிதான் உச்சரிப்பு வரும், 'பயமாயிருக்கு' என்கிறாள் என்று. சம்பந்தி அம்மாள் சிரித்துவிட்டு, "பயமா? அதெல்லாம் பொய்தான், போய்ப் படு" என்றார். குழந்தை போகவில்லை. நம் தமிழில் பொய் என்று கேட்கிற வார்த்தை அவள் வாயில் நிஜமாக இருந்தது.

நான் செய்த தப்பு

அன்று ராத்திரி என் மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னான். "அப்பா, அவகிட்ட பூச்சாண்டி அது இதுன்னு எதுவும் சொல்லிடாதீங்க." சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது.

நாங்கள் கல்கத்தாவுக்கு வந்தது 1978ல். லேக் மார்க்கெட் பக்கத்தில் அப்போது ஒற்றை அறை வீடு. மகனுக்கு நாலு வயசு இருக்கும்போது, பழைய பேப்பர் வாங்குகிற ஒருவர் தோளில் கோணிப்பையோடு ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். சாதம் இறங்காவிட்டால், தூங்காவிட்டால், "இரு, அந்தக் கோணியில போட்டுக் கொடுத்துடறேன்" என்பேன். ஒரு நாள் விளையாட்டாக அவரிடமே குழந்தையைத் தூக்கி நீட்டினேன். அவரும் சிரித்துக்கொண்டே பையை விரித்தார். பையன் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. எனக்கு அப்போது அது வேடிக்கை. எட்டாம் வகுப்பு படிக்கும் வரை ராத்திரி பாத்ரூம் போக அவன் தன் அம்மாவை எழுப்பிக்கொண்டு போனான். அதற்கும் நான் "ஆம்பளைப் பையனாடா நீ" என்று கேலி செய்தேன்.

நாம் வாழும் இந்த ஊரில் தாகூர் 1892லேயே இதைக் கதையாக எழுதி வைத்திருக்கிறார். 'காபூலிவாலா'வில் வரும் மினி, தெருவில் போகும் காபூலிக்காரரின் மூட்டைக்குள் தன்னைப் போலப் பிள்ளைகள் இருப்பார்கள் என்றுதான் முதலில் பயப்படுகிறாள். பிறகுதான் தெரிகிறது, அந்த மனிதர் தன் மகளின் கைரேகை பதிந்த காகிதத்தை மார்போடு வைத்துக்கொண்டு திரிகிற ஒரு தகப்பன் என்று. அந்தக் கதையை மூன்று முறை படித்தவன் நான். படித்து என்ன பிரயோஜனம்? பேப்பர்காரருக்கும் ஊரில் பிள்ளைகள் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லையே.

காப்பும் அப்பூச்சியும்

குழந்தையின் பயம் நம் இலக்கியத்துக்குப் புதிதல்ல. சங்க காலத்துப் பிள்ளைகள் தாலி அணிந்தார்கள். இது கல்யாணத் தாலி அல்ல. குழந்தையைத் தீங்கு அண்டாதிருக்கக் கட்டும் காப்பு. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் சின்ன வயதில் போர்க்களம் போனதை வியந்து இடைக்குன்றூர் கிழார் பாடுகிறார். அவன் அந்தத் தாலியைக்கூட இன்னும் கழற்றவில்லை என்பதுதான் புறநானூறு 77ஆம் பாட்டில் வரும் வியப்பு. பின்னால் திருமாலின் ஐந்து ஆயுதங்களைக் கோத்த ஐம்படைத் தாலி என்று இது பெயர் பெற்றது. மணிமேகலையின் 'மலர்வனம் புக்க காதை'யில் குழந்தைகளின் உச்சிக் குடுமியில் நெய்யோடு ஐயவி, அதாவது வெண்கடுகு, அப்பியிருப்பதைச் சாத்தனார் காட்டுகிறார். இன்றும் நம் வீடுகளில் திருஷ்டிக்குக் கடுகும் மிளகாயும் சுற்றிப் போடுகிறோமே, அந்தக் கடுகுக்கு இவ்வளவு வயசு.

பெரியாழ்வார் ஒரு படி மேலே போகிறார். அந்தி வேளையில் யசோதை கண்ணனைக் காப்பிடக் கூப்பிடுவதாக ஒரு பதிகமே பாடியிருக்கிறார். உலகத்தைக் காக்கிறவனுக்கு ஒரு தாய் காப்பிடுகிறாள்! பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகை வளர்ந்து பத்துப் பருவமாக நின்றபோது, முதல் பருவத்துக்கே 'காப்பு' என்று பெயர் வைத்தார்கள். தாலாட்டுக்கான 'தால்' அதற்குப் பிறகுதான் வருகிறது. முதலில் பாதுகாப்பு, பிறகு தூக்கம் என்ற வரிசையை நம் முன்னோர் சரியாகவே பிடித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே பெரியாழ்வாரிடம் 'அப்பூச்சி காட்டுதல்' என்று இன்னொரு பதிகம் உண்டு. அப்பூச்சி என்றால் குழந்தைகளைப் பயமுறுத்தும் விளையாட்டு. அங்கே பயமுறுத்துகிறது பெரியவர்கள் இல்லை, குழந்தைக் கண்ணன்தான். பயந்துகொள்கிறவர்கள் மற்றவர்கள். இந்தத் தலைகீழ் விஷயத்தை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் முடிவில் இது உதவும்.

நடுவில் எப்போதோ காப்பு குறைந்து, பூச்சாண்டி கூடிவிட்டான். நீறு பூசிய ஆண்டிதான் பூச்சாண்டி ஆனான் என்று பலர் பொருள் சொல்வார்கள். அவனோடு கூட்டாளியாகப் 'பிள்ளை பிடிக்கிறவன்' வந்தான். இவன் முழுக் கற்பனை என்றும் சொல்லிவிட முடியாது. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரைத் துறைமுகங்களிலிருந்து அடிமைகள் கப்பல் ஏற்றப்பட்டார்கள். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் கம்பெனிக் கவுன்சில் 1680களில் அடிமை ஏற்றுமதியைத் தடை செய்ய வேண்டிய அளவுக்கு அது நடந்தது. இங்கே வங்காளத்திலோ, போர்த்துகீசியரும் அரக்கான் நாட்டு மகர்களும் ஆற்று வழியாகப் படகில் வந்து ஊர் ஊராக ஜனங்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1666ல் ஷாயிஸ்தா கான் சிட்டகாங்கைப் பிடித்த பிறகுதான் அது அடங்கியது. சட்டமில்லாத ஊரை 'மகேர் முல்லுக்' என்று வங்காளிகள் இன்றும் சொல்வது அந்த நினைவில்தான்.

வராத எதிரிக்கு வெட்டிய அகழி

வங்காளத் தாய்மார்கள் பாடும் ஒரு தாலாட்டு உண்டு. நம் பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்பார்கள். குழந்தை தூங்கிவிட்டது, தெருவே அடங்கிவிட்டது, அப்போது நாட்டுக்குள் பர்கிகள் வந்தார்கள் என்று ஆரம்பிக்கும். நெல்லைக் குருவி தின்றுவிட்டதே, வரிக்கு என்ன செய்வது என்று கவலைப்படும். தாலாட்டில் வரிக் கவலை எங்கே வந்தது?

பர்கி என்பது மராத்தியக் குதிரை வீரன். 'பார்கீர்' என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. சொந்தக் குதிரை இல்லாமல், சர்க்கார் கொடுத்த குதிரையிலும் ஆயுதத்திலும் போர் செய்கிறவன். வங்காளி வாயில் அது 'போர்கி' ஆயிற்று. நாகபுரி ரகோஜி போன்ஸ்லேயின் படைகள், பாஸ்கர் பண்டித் தலைமையில், 1742ல் வங்காளத்துக்குள் நுழைந்தன. 1744ல் நவாப் அலிவர்தி கான் பாஸ்கர் பண்டிதைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்துக் கொன்றார். அதற்கும் படையெடுப்பு நிற்கவில்லை. 1751 உடன்படிக்கையில் வருஷம் 12 லட்சம் ரூபாய் சௌத் கொடுக்க நவாப் ஒப்புக்கொண்டு, ஒரிஸ்ஸாவும் மராத்தியர் கைக்குப் போன பிறகே அடங்கியது. அந்தப் பத்து வருஷக் கொள்ளையையும் தீவைப்பையும், அதே காலத்தில் வாழ்ந்த கங்காராம் என்ற கவி 'மகாராஷ்டிர புராணம்' என்ற நூலாகப் பாடி வைத்தார். படிக்காத தாய்மார்கள் தாலாட்டாகப் பாடி வைத்தார்கள். புராணம் இன்று ஆராய்ச்சியாளர் அலமாரியில் இருக்கிறது. தாலாட்டு 280 வருஷம் கழித்தும் தொட்டிலில் இருக்கிறது. 1894ல் தாகூர் இந்த மாதிரிக் குழந்தைப் பாடல்களைச் சேகரித்துக் கட்டுரை எழுதியதற்கு இப்படிப்பட்ட நினைவுகள் அழியக்கூடாது என்பதும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

கல்கத்தாவில் நடந்ததுதான் வேடிக்கை. 1742ல் பர்கி பயத்தில் ஊர் ஜனங்களே கம்பெனியிடம் அனுமதி வாங்கி, தங்கள் செலவிலேயே ஊரைச் சுற்றி அகழி வெட்ட ஆரம்பித்தார்கள். ஆறு மாதத்தில் மூன்று மைல் வெட்டியாயிற்று. பர்கிகள் கல்கத்தா பக்கமே வரவில்லை. வேலை பாதியில் நின்றது. 1756ல் கல்கத்தாவை நிஜமாகப் பிடித்தவர் சிராஜ் உத் தௌலா. யாரை நினைத்து அகழி வெட்டினார்களோ அவர்கள் இல்லை. பிற்பாடு 1799ல் அகழியின் பெரும் பகுதியைத் தூர்த்து சர்க்குலர் ரோடு போட்டார்கள். நாம் இன்று பஸ்ஸில் போகிற ஆசார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையும் ஆசார்ய பிரஃபுல்ல சந்திர சாலையும்தான் அது. பாக்பஜாரில் 'மராட்டா டிச் லேன்' என்ற சந்து பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இருக்கிறது.

ஊரே சேர்ந்து வராத எதிரிக்கு மூன்று மைல் பள்ளம் வெட்டலாம்; ஐந்து வயதுக் குழந்தை கட்டிலுக்குக் கீழே இன்னொரு முறை பார்க்கச் சொன்னால் மட்டும் நமக்குக் கோபம் வருகிறது.

தாலாட்டெல்லாம் பயமுறுத்தும் என்று நினைக்க வேண்டாம். அதே வங்காளத்தில் தூக்கத்தை 'கூம் பாராணி மாஷி பிஷி' என்று சித்தியாகவும் அத்தையாகவும் வீட்டுக்கு விருந்து அழைக்கிற தாலாட்டும் உண்டு. நம் தமிழ்த் தாலாட்டிலோ அழுகிற பிள்ளையிடம் யார் அடித்தார்கள் என்று கேட்டு, மாமன், அத்தை, பாட்டி என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் தொட்டிலைச் சுற்றி நிறுத்திவிடுவார்கள். ஊரை விட்டு வந்த நமக்கு இது புரியும். தொட்டிலைச் சுற்றி ஆள் இருக்கிறது என்பதுதான் அந்தப் பாட்டின் மருந்து.

தனியாகப் படுப்பது எப்போது வந்தது?

குழந்தை தனி அறையில் தூங்க வேண்டும் என்பது ஏதோ ஆதிகாலத்து நியதி என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஐரோப்பாவிலேயே பல நூற்றாண்டுகள் வீட்டோடு ஒரே படுக்கையில்தான் உறங்கினார்கள். வசதியுள்ள வீடுகளில் பிள்ளைகளுக்குத் தனி அறை என்பது பரவலானது 19ஆம் நூற்றாண்டில்தான். 1894ல் அமெரிக்க டாக்டர் எம்மட் ஹோல்ட் எழுதிய குழந்தை வளர்ப்புப் புத்தகம் ஆட்டித் தூங்க வைப்பதே கூடாது என்றது. 1928ல் ஜான் வாட்சன் என்ற உளவியல் நிபுணர், குழந்தையைக் கொஞ்சவே கூடாது, வேண்டுமானால் ராத்திரி படுக்கப் போகும்போது நெற்றியில் ஒரு முத்தம் போதும் என்று எழுதினார். அந்தக் கண்டிப்பு கப்பல் ஏறி நம் ஊர் டாக்டர்கள் வரை வந்தது.

நம் பக்கத்து ஊரான புவனேஸ்வரத்தில் ரிச்சர்ட் ஷ்வேடர் என்ற மானிடவியல் பேராசிரியர் இதையே ஆராய்ந்தார். யார் யாரோடு படுக்கிறார்கள் என்று அங்கே வீடு வீடாக விசாரித்து, சிகாகோ நகரத்துக் குடும்பங்களோடு ஒப்பிட்டு 1995ல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்டார்கள். அங்கே கணவன் மனைவியின் தனிமை முக்கியம். பிள்ளை தன் காலில் நிற்கப் பழக வேண்டும். இங்கே சின்னஞ்சிறிசைத் தனியே விடக்கூடாது என்பதே தர்மம். குவாதமாலா மலைப்பகுதியில் மாயா இனத் தாய்மார்களிடம், அமெரிக்காவில் கைக்குழந்தையை வேறு அறையில் போடுகிறார்கள் என்று சொன்னபோது அவர்கள் பதறிப் போனார்கள் என்று 1992ல் வெளியான இன்னொரு ஆய்வு சொல்கிறது. ஆகவே ஐந்து வயதில் தனியாகப் படுக்காத பிள்ளை ஏதோ குறையுள்ள பிள்ளை என்று யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. இன்றைய இரண்டு அறை வீட்டில், கைக்குழந்தையோடு, வேறு வழியில்லை என்றால் பழக்கித்தான் ஆக வேண்டும். எப்படிப் பழக்குவது என்பதே கேள்வி.

பயத்தை வென்றவர்களின் கதை

இங்கிலாந்தின் ஜான் லாக் 1693லேயே கல்வி பற்றிய தன் நூலில், வேலைக்காரர்கள் பிள்ளைகளைப் பூதம் சொல்லி அடக்குவதைக் கண்டித்தார். இருட்டோடு அந்த எண்ணம் ஒட்டிக்கொண்டால் பெரியவனான பிறகும் பிரியாது என்றார். என் மகன் விஷயத்தில் அது அட்சர சுத்தமாகப் பலித்தது.

ஆனால் பூச்சாண்டி சொல்லாவிட்டால் மட்டும் போதுமா? "நாங்க இவகிட்ட ஒரு பேய்க்கதை சொன்னதில்ல மாமா, டிவியில கூடப் பாத்ததில்ல" என்று மருமகள் குழம்பினாள். இதற்குப் பதில் சார்ல்ஸ் லாம்பிடம் இருக்கிறது. 33 வருஷம் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியில் கணக்கு எழுதிய அதே லாம்ப்தான். 1821ல் எழுதிய ஒரு கட்டுரையில், பைபிள் சரித்திரப் புத்தகம் ஒன்றில் சூனியக்காரி படத்தைப் பார்த்துவிட்டு, நாலு வயதிலிருந்து ஏழெட்டு வயது வரை பயமில்லாமல் தலையணையில் தலை வைத்ததே இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். அதோடு, பேய் பிசாசு என்ற வார்த்தையே காதில் விழாமல் பொத்திப் பொத்தி வளர்த்த நண்பர் வீட்டுச் சிறுவனும் ராத்திரி நடுங்கினான் என்கிறார். படம் ஒரு வேஷம்தான் கொடுக்கிறது. பயம் உள்ளே இருந்து வருகிறது. இன்றைய நிபுணர்களும் அதையே சொல்கிறார்கள். மூன்று வயதுக்கு மேல் கற்பனை வளர்கிறது. நினைப்பது எது நிஜம் எது என்று பிரிக்கிற புத்தி மெதுவாகத்தான் பின்னால் வருகிறது. நெதர்லாந்தில் 2001ல் வெளிவந்த ஆய்வில், 4 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் இரவு பயம் உண்டு என்று சொன்னார்கள். அதாவது பயப்படாத பிள்ளைதான் அபூர்வம்.

தாகூரும் விதிவிலக்கல்ல. ஜோராசாங்கோ மாளிகையில் வெளிக்கட்டிலிருந்து உள்கட்டுக்குப் போகும் மங்கலான நடையில், பின்னால் ஏதோ வருகிற மாதிரி முதுகு சிலிர்த்ததை எண்பது வயதை நெருங்கும்போது எழுதிய 'சேலெபேலா'வில் சொல்கிறார். நோபல் பரிசு வாங்கியும் அந்த நடை மறக்கவில்லை!

வைத்தியம் என்று பார்த்தால் ரூசோவிலிருந்து தொடங்கலாம். 1762ல் வெளிவந்த 'எமீல்' நூலில், இருட்டுக்கு மருந்து இருட்டிலேயே விளையாட்டு என்றார். அவரைச் சின்ன வயதில் ஒரு பாதிரியார் இருட்டு மாதாகோவிலுக்குத் தனியாக அனுப்பி பைபிள் எடுத்து வரச் சொன்ன கதையையும் எழுதியிருக்கிறார். பயந்து ஓடி வந்தவருக்கு, வீட்டுக்குள் இருந்து எல்லாரும் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டதும் பயம் போய்விட்டதாம்; திரும்பிப் போய் எடுத்து வந்தார். ஃபிராய்டு 1905ல் சொல்லும் மூன்று வயதுச் சிறுவனும் இதே ஜாதி. இருட்டு அறையிலிருந்து அத்தையிடம் பேச்சுக் கொடுக்கச் சொல்கிறான். யாராவது பேசினால் வெளிச்சமாகிறது என்று காரணமும் சொல்கிறான்.

1924ல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி பீட்டர் என்ற மூன்று வயதை எட்டாத பையனின் முயல் பயத்தைப் போக்கிய விதம்தான் இன்றைய முறைகளுக்கு அஸ்திவாரம். அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே, தூரத்தில் இருந்த முயலை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டு வந்தார். பயப்படாத பிள்ளைகளையும் கூட விளையாட விட்டார். கடைசியில் பீட்டர் முயலைக் கையில் கொறிக்க விட்டான். அதட்டல் இல்லை, கேலி இல்லை. படிப்படியாக, சௌகரியமான மனசோடு.

இன்னொன்று சமீபத்தியது. 2006 லெபனான் போரின்போது குண்டு பயத்தில் இருந்த இஸ்ரேலியக் குழந்தைகளுக்கு அவி சாதே என்ற உளவியல் பேராசிரியரின் குழு ஒரு நாய்க்குட்டி பொம்மையைக் கொடுத்தது. "இது உன்னைக் காப்பாற்றும்" என்று சொல்லவில்லை. "இது பாவம், வருத்தத்தில் இருக்கிறது, நீ பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றார்கள். பிள்ளைகளின் பயம் குறைந்தது என்று 2008ல் வெளியிட்டார்கள். காப்பாற்றப்பட வேண்டியவள் காப்பாற்றுகிறவளாக மாறினால் பயம் இறங்குகிறது. பெரியாழ்வாரின் அப்பூச்சி ஞாபகம் வருகிறதா?

எங்கள் வீட்டில் செய்தது

முதலில் பழுப்புக் காகிதப் பையில் கண்ணும் பல்லும் வரைந்து பேத்தியையே பூச்சாண்டி ஆக்கினோம். அவள் தலையில் மாட்டிக்கொண்டு வருவாள். நானும் சம்பந்தி அம்மாளும் அலறிக்கொண்டு ஓட வேண்டும். என் மூட்டு வலியோடு ஒரு வாரம் ஓடினேன். அடுத்து, டார்ச் விளக்கை அவள் கையில் கொடுத்து, இருட்டு அறையில் ஒளித்து வைத்த பொருளைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. பயந்து படுக்கிற அதே அறை, சிரித்துக்கொண்டே நுழைகிற அறையாயிற்று.

ஒளித்து வைத்த பொருள், கொலுப் பெட்டியில் இருந்த மரப்பாச்சி. என் மனைவி பிறந்த வீட்டிலிருந்து கொண்டு வந்தது. "இதுக்கு இந்த வீடு புதுசு. ராத்திரி பயந்துக்கும். நீதான் பாத்துக்கணும்" என்று மனைவி தன் பழைய புடவைத் துண்டைச் சுற்றிக் கொடுத்தாள். அன்றிலிருந்து மரப்பாச்சிக்குப் பேத்தி சொல்லும் தைரியம் இருக்கிறதே, பாதி தமிழ், பாதி வங்காளி. கேட்டால் உங்களுக்கே பயம் போய்விடும்.

படுக்கிற நேரத்தை ஒன்பது என்று நிலையாக வைத்தோம். பால், பல் தேய்ப்பு, ஒரு கதை, பிறகு ஜீரோ வாட்ஸ் பல்பு. முதல் வாரம் பாட்டி கட்டிலை ஒட்டிப் பாய் போட்டுப் படுத்தாள். இரண்டாம் வாரம் பாய் வாசல் பக்கம் நகர்ந்தது. மூன்றாம் வாரம் பாட்டி கூடத்தில் நாற்காலியில். கதவு திறந்தபடி, பேச்சுச் சத்தம் உள்ளே கேட்கும்படி. பிறகு "பத்து நிமிஷத்துல வந்து பாக்கறேன்" என்ற வாக்கு. சொன்னால் போய்ப் பார்க்க வேண்டும். தூங்கியிருந்தாலும் போய்ப் பார்க்க வேண்டும். அந்த வாக்கு ஒரு நாள் தவறினால் ஒரு வாரம் பின்னால் போய்விடும்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலிகாட்டிலிருந்து மெட்ரோவில் ஷியாம்பஜார் போய், பாக்பஜார் மராட்டா டிச் லேனைக் காட்டினேன். பர்கி வருவான் என்று பயந்து இங்கேதான் பெரிய பள்ளம் வெட்டினார்கள் என்று சொன்னேன். "வந்தானா?" என்றாள். "இங்கே வரவே இல்லை." "அப்புறம் பள்ளம்?" "மூடிட்டா. மேல ரோடு போட்டுட்டா." சிறிது நேரம் தரையையே பார்த்துவிட்டு, "அவாளுக்கும் பொய் கொர்சிலோவா தாத்தா?" என்றாள். ஆமாம், பெரியவர்களுக்கும் பயமாகத்தான் இருந்தது என்றேன். அன்று அவளுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

எல்லாம் நேர்கோட்டில் போகவில்லை. வைசாக மாதத்தில் ஒரு நாள் ராத்திரி கால்பைசாகி புயல் அடித்து, இடி இடித்து, கரண்ட்டும் போயிற்று. மரப்பாச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "எனக்கில்ல, இதுக்குத்தான் பயமா இருக்காம்" என்றாள். இரண்டு பேரையும் எங்கள் நடுவில் படுக்க வைத்துக்கொண்டோம். மறுநாள் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று ராத்திரி அவளாகவே தன் கட்டிலுக்குப் போனாள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கெட்ட கனவு என்றால் பெரும்பாலும் பின்னிரவில் விழித்து அழும். என்ன கண்டது என்று சொல்லும். தூங்கிய ஓரிரு மணி நேரத்தில் கண் திறந்தபடி அலறி, யாரையும் அடையாளம் தெரியாமல், காலையில் ஒன்றும் ஞாபகம் இல்லை என்றால் அது வேறு. அப்போது உலுக்கி எழுப்பாமல், அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். பயம் மாதக்கணக்கில் நீடித்து, பகலிலும் சாப்பாடு, பள்ளிக்கூடம் என்று பாதித்தால் டாக்டரைப் பார்ப்பதுதான் முறை. மந்திரித்துவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது.

சமீபத்தில் ஒரு ராத்திரி, பேத்தி தூங்கிய பிறகு, மகனிடம் சொன்னேன்: "அந்தப் பேப்பர்காரர்கிட்ட உன்னைத் தூக்கி நீட்டினேனே, அது தப்புடா." அவன் உடனே பதில் சொல்லவில்லை. கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். பிறகு, "அந்தப் பையில பழைய பேப்பர் மட்டும்தான் இருந்துதுன்னு எனக்கு அப்புறமாத் தெரியும்பா. தெரிஞ்சும் பயம் போகல" என்றான். இதற்கு நான் என்ன சொல்ல? நாற்பது வயதுப் பிள்ளைக்கு காப்பு கட்ட முடியுமா?

அந்தச் சமயத்தில் சின்ன அறையிலிருந்து குரல் கேட்டது. எழுந்துவிட்டாளோ என்று இருவரும் எட்டிப் பார்த்தோம். ஜீரோ வாட்ஸ் வெளிச்சத்தில் பாதித் தூக்கத்தில் மரப்பாச்சியைத் தட்டிக்கொண்டிருந்தாள். "தூங்கு, தூங்கு. நான் இருக்கேன்ல."

சோழர்களைப் பற்றி அடுத்த மலரில் எழுதுகிறேன்.